மாதக் கடைசியில் துண்டு விழாமல் இருக்க: குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒரு பட்ஜெட் வழிகாட்டி

நான் முதன்முதலில் செலவுக் கணக்கு எழுதிய மாதத்தில், நோட்டின் கடைசி வரியில் 'இதர' என்று ஒன்று இருந்தது. எதில் சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் அங்கே தள்ளிவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்த அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "யாருடி இந்த இதர? உன் வீட்டுல உன்னைவிட அதிகமா செலவு பண்றாளே!" என்றாள். கூட்டிப் பார்த்தால் உண்மைதான். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கை அந்த 'இதர' விழுங்கியிருந்தாள்.

சம்பளம் குறைவாக இருப்பவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பத்துக் காசு வித்தியாசத்துக்காகப் பக்கத்துத் தெரு வரை நடந்து போகிறவர்கள் அவர்கள்தான். பிறகு ஏன் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டி வருகிறது? நான் பார்த்தவரை, பெரும்பாலும் அது தொகைத் தகராறு இல்லை, தேதித் தகராறு. பணம் ஒரு நாளில் வருகிறது, செலவுகள் வேறு வேறு நாட்களில் வருகின்றன. சில செலவுகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை வந்து மொத்தமாகக் கையைக் கடித்துவிட்டுப் போகின்றன. இந்தக் கட்டுரை அந்தத் தேதிகளைச் சமாளிப்பது பற்றித்தான். வருமானமே அடிப்படைத் தேவைக்குப் போதவில்லை என்றால் எந்த நோட்டும் அதைச் சரிசெய்யாது. அங்கே தேவைப்படுவது கூடுதல் வருமானமோ உதவியோதான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, மாத வருமானத்தை 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் உங்கள் தொகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் மாதம்: எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா. போனிலேயே எழுதுவது வசதி என்றால் அதுவும் சரி. தேதி, எதற்கு, எவ்வளவு என்று மூன்றே பத்திகள் போதும். பணம் கையைவிட்டுப் போன அன்றே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவுபடுத்தி எழுதலாம் என்று நினைத்தால் பாதி விட்டுப்போகும். சில்லறைச் செலவுக்கும், போனில் தட்டிக் கொடுக்கும் பணத்துக்கும் நினைவில் நிற்கும் பழக்கம் கிடையாது.

இந்த மாதம் செலவைக் குறைக்க முயலாதீர்கள். கணக்கு எழுத ஆரம்பித்த உடனே நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளத் தோன்றும். அப்படி நடந்துகொண்டால் நோட்டில் இருப்பது உங்கள் கணக்கு ஆகாது. உண்மையான மாதம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலையே நடக்கும்.

'இதர' என்று ஒரு வரி இருக்கலாம், ஆனால் அது வருமானத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் பிரித்துப் பாருங்கள். என் 'இதர'வைப் பிரித்தபோது அதில் மூன்று விஷயங்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்திருந்தன: அவசரமாகப் பிடித்த வண்டி வாடகை, யாருக்கோ கொடுத்துத் திரும்பி வராத சிறு தொகைகள், நிறுத்த மறந்துபோன ஒரு மாதச் சந்தா. மூன்றுக்கும் பெயர் வைத்ததுமே பாதி குறைந்துவிட்டது.

கையால் எழுதுவது பழைய பஞ்சாங்கம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் 1904ஆம் ஆண்டு ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் இல்லத்தரசிகளுக்காக அறிமுகப்படுத்திய 'ககெய்போ' என்னும் வீட்டுக் கணக்கு நோட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது. போனில் தானாகவே பதிவாகும் கணக்கில் அந்த ஒரு நொடி கிடைக்காது.

வருமானம் என்று எதைச் சொல்வது

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது ஒரே வரியில் முடிந்துவிடும். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவதுதான் வருமானம். மிகைநேரப் பணம், போனஸ், பரிசு எதையும் மாத வருமானத்தில் சேர்க்காதீர்கள். வந்தால் அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நாள் கூலி, கமிஷன், சொந்தமாகச் சின்னத் தொழில் என்று இருப்பவர்களுக்குத்தான் சிரமம். ஒரு மாதம் 1,400 வரும், அடுத்த மாதம் 750 வரும். இவர்கள் பெரும்பாலும் சராசரியை எடுத்துக்கொண்டு ஏமாந்துபோகிறார்கள். சராசரி 1,000 என்றாலும், 750 வந்த மாதத்தில் வீட்டு வாடகை சராசரியைப் பார்த்துக் குறையாது. அதனால் கடந்த 12 மாத வருமானத்தை வரிசையாக எழுதி, அதில் மிகக் குறைவான மூன்று மாதங்களின் சராசரியை உங்கள் 'சம்பளம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பணத்தையும் முதலில் ஒரே கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதம் ஒரு முறை இந்தச் 'சம்பளத்தை' மட்டும் உங்களுக்கு நீங்களே கொடுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவது அங்கேயே இருக்கட்டும். மெலிந்த மாதத்துக்கு அதுதான் சோறு போடும்.

வாரக் கூலி வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வரம் உண்டு. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு என்று கணக்குப் போட்டால் 48தான் ஆகிறது. அதாவது ஆண்டில் நான்கு மாதங்களில் ஐந்தாவது கூலி ஒன்று வரும். மாதச் செலவை நான்கு கூலிக்குள் திட்டமிட்டுவிட்டால், அந்த நான்கு கூலிகளும் அடுத்த பகுதியில் சொல்லப்போகும் செலவுகளுக்கு அப்படியே கிடைத்துவிடும்.

ஆண்டுப் பட்டியல்: இதுதான் முக்கியம்

நேரம் இல்லாதவர்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படித்தால் போதும் என்றால், அது இதுதான்.

"எதிர்பாராத செலவு வந்துடுச்சு" என்று சொல்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பள்ளிக் கட்டணம் எதிர்பாராததா? போன ஆண்டும் அதே மாதத்தில்தானே வந்தது? வண்டியின் டயர் தேயும் என்பது வாங்கிய அன்றே தெரியும். பண்டிகை நாட்காட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. சொந்தத்தில் வருஷத்துக்கு இரண்டு கல்யாணமாவது வரும். எந்தத் தேதி, எவ்வளவு என்பது மட்டும்தான் சில சமயம் தெரியாது. வரும் என்பது தெரியும்.

ஒரு முழுத் தாளை எடுத்து 12 மாதங்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே, மாதாமாதம் வராத செலவுகளை நினைவுபடுத்தி எழுதுங்கள். பழைய ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், போனில் இருக்கும் போன ஆண்டுப் படங்கள் எல்லாம் உதவும். படங்களைப் புரட்டினால் எந்த மாதம் எந்த விசேஷத்துக்குப் போனோம் என்பது தெரிந்துவிடும். எனக்கு மூன்று செலவுகள் அப்படித்தான் பிடிபட்டன. தேதி தெரியாதவற்றைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள்.

மாதம் 1,000 வருமானம் உள்ள ஒரு வீட்டின் பட்டியல் இப்படி இருக்கலாம்:

பள்ளிக் கட்டணம், இரண்டு தவணை: 480
காப்பீட்டு பிரீமியம்: 180
வண்டிப் பராமரிப்பு, டயர்: 150
பண்டிகை, துணிமணி: 210
கல்யாணம், மொய், அன்பளிப்பு: 120
வீட்டுச் சாமான் ரிப்பேர்: 120
மருத்துவப் பரிசோதனை, கண்ணாடி, பல்: 180

கூட்டினால் 1,440. ஒன்றரை மாதச் சம்பளம்! இதை எந்த மாதச் செலவிலும் சேர்க்காமல் பட்ஜெட் போட்டால் அந்த பட்ஜெட் காகிதத்தில் மட்டும்தான் நிற்கும். 12ஆல் வகுத்தால் மாதம் 120. அதைச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டால், கட்டணம் கட்டும் மாதமும் மற்ற மாதங்களைப் போலவே போகும்.

இதில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எல்லாச் செலவும் 12 மாதம் தள்ளி வரப்போவதில்லை. பள்ளிக் கட்டணத்தின் அடுத்த தவணை 240 நான்கு மாதத்தில் வருகிறது என்றால், மாதம் 40 எடுத்து வைத்தால் 160தான் சேரும். அதனால் முதல் சுற்றுக்கு மட்டும், மிச்சம் இருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். 240ஐ நான்கால் வகுத்தால் மாதம் 60. அந்தத் தவணை கட்டி முடிந்த பிறகு 40க்கு இறங்கிவிடலாம். முதல் ஆண்டு ஏற்றம், அடுத்த ஆண்டிலிருந்து சமதளம். எல்லாவற்றையும் முதல் மாதமே எடுத்துவைக்க முடியாது என்றால், தள்ளிப்போட முடியாதவற்றை முதலில் எடுங்கள். துணிமணி காத்திருக்கும், பிரீமியம் காத்திருக்காது.

இந்தப் பணத்தை வீட்டுச் செலவுப் பணத்தோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தனிக் கணக்கு முடியுமானால் நல்லது, இல்லையென்றால் பெயர் எழுதிய தனி உறை. பண விஷயத்தில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளாதாரத்துக்காக 2017இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்ற கருத்தால் விளக்கினார். பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும், பெயர் வைத்த பணத்தைத் தொட மனம் தயங்கும். சிறுவாட்டுப் பணம் சேர்த்த பாட்டிகளுக்கு இது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

ஒரு மாதத்தில் எத்தனை வாரம்?

நான்கு என்று சட்டென்று பதில் வரும். அங்கேதான் மாதக் கடைசி இடிக்கிறது.

மளிகை, காய்கறி, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 300 என்று வையுங்கள். நான்கால் வகுத்து வாரம் 75 என்று செலவு செய்தால், 28ஆம் தேதி பெட்டி காலி. 29, 30, 31 மூன்று நாளும் பட்டினியா? நாளுக்கு 10 என்று போடுங்கள். வாரம் 70. நான்கு வாரத்துக்கு 280 போக, மாதக் கடைசி இரண்டு நாளுக்கு 20 கையில் இருக்கும். 31 நாள் மாதத்தில் ஒரு நாள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மாதப் பணத்தை ஒரே கட்டாக வைத்துக்கொள்ளாமல் வாரத்துக்கு ஒரு முறை எடுப்பது எனக்கு மிகவும் உதவியது. சம்பளம் வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பணக்காரத் தோரணை வந்துவிடும். வாரப் பணம் மட்டும் கையில் இருந்தால் அந்தத் தோரணை ஏழு நாளில் அடங்கிவிடும். ஒரு வாரம் கொஞ்சம் தாண்டினாலும் சேதம் சின்னது, அடுத்த வாரத்தில் சரிசெய்யலாம். மாதக் கணக்கில் தாண்டியது தெரியவரும்போது 22ஆம் தேதி ஆகியிருக்கும்.

அப்புறம், ஒரு மாதத் தாளில் நிலையான கட்டணங்களின் தேதிகளைக் குறித்துப் பாருங்கள். வாடகை 5, தவணை 7, மின்கட்டணம் 20, போன் 24 என்று எழுதினால் எங்கே நெரிசல் என்று தெரியும். சம்பளம் 10ஆம் தேதி வருகிறது, கடன் தவணை 7ஆம் தேதி பிடிக்கப்படுகிறது என்றால் மாதாமாதம் மூன்று நாளுக்காகத் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பல இடங்களில் கேட்டால் தேதியை மாற்றித் தருவார்கள். நான் கேட்காமலேயே எட்டு மாதம் தாமதக் கட்டணம் கட்டினேன். கேட்டபோது ஒரு படிவத்தோடு வேலை முடிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வந்து, "தேதியை மாத்திக்கலாம் மேடம்" என்று சொல்லப்போவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

பங்கு பிரித்தல்

இப்போதுதான் பட்ஜெட் போட வேண்டும். இதற்கு முன்னால் போட்டால் அது ஆசைப் பட்டியலாகத்தான் இருக்கும்.

50-30-20 என்ற கணக்கை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடன் அடைக்கவும். அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்து பின்னர் செனட்டரான எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005இல் இதைப் பிரபலமாக்கினார்கள். நல்ல கணக்குதான். ஆனால் குறைந்த வருமானத்தில் தேவைகளே 70, 75 சதவீதத்தைத் தின்றுவிடும். வாடகை உங்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு நிர்ணயிக்கப்படுவதில்லை. இந்தச் சூத்திரம் பொருந்தவில்லை என்று குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

நம் 1,000க்கு இப்படி ஒரு பிரிவு சாத்தியம்: வாடகை 280, மின்சாரம் தண்ணீர் போன் 60, வீட்டுச் செலவு 300, போக்குவரத்து 70, கடன் தவணை 80, ஆண்டுச் செலவுப் பங்கு 120, சேமிப்பு 50, கைச்செலவு 40. கூட்டினால் சரியாக 1,000. கடைசியில் உள்ள 40ஐ யாரும் அடித்துவிடாதீர்கள். கணக்கே கேட்காத பணம் கொஞ்சம் எல்லோருக்கும் வேண்டும். அது இல்லாத பட்ஜெட் பத்தியச் சாப்பாடு போல, இரண்டாவது வாரமே உடைந்துவிடும்.

கூட்டல் 1,000ஐத் தாண்டினால்? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவதுதான் வழக்கம். அது நிற்பதில்லை. ஒரே ஒரு பெரிய இனத்தை எடுத்துக்கொண்டு அதை மாற்ற முடியுமா என்று பாருங்கள்: வாடகை, போக்குவரத்து அல்லது ஒரு தவணை. ஒரு முறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாக மிச்சமாகும் செலவுகளைக் குறைப்பது சுலபம். தேவைக்கு மேற்பட்ட போன் திட்டம், பார்க்காத சந்தா, இரண்டு கணக்குகளுக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் இந்த ரகம். தினமும் மனதைக் கட்டுப்படுத்தி மிச்சம் பிடிப்பது அலுத்துப்போகும்.

கடையில் பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பெரியது மலிவுதான், சில சமயம் நடுத்தரப் பாக்கெட்தான் மலிவாக இருக்கும். கெட்டுப்போகும் பொருளில் எந்தக் கணக்கும் செல்லாது.

சேமிப்பு: 50இல் என்ன ஆகிவிடும்?

மாதம் 50 என்றால் ஆண்டுக்கு 600. அரை மாதச் சம்பளத்துக்கும் மேல். இது ஆண்டுச் செலவுப் பணம் இல்லை, அதைத் தனியாக எடுத்துவிட்டோம். இது நிஜமாகவே எதிர்பாராதவற்றுக்கு: திடீரென்று காய்ச்சல், வேலை இழப்பு, இரவோடு இரவாக ஊருக்குக் கிளம்ப வேண்டிய செய்தி.

ஆறு மாதச் செலவைச் சேர்த்து வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டதுமே மலைப்பாக இருக்கும், அதனால் தொடங்கவே தோன்றாது. முதல் இலக்கைச் சின்னதாக வையுங்கள். கடந்த இரண்டு ஆண்டில் நீங்கள் வாங்கிய கைமாற்றுகளில் பெரியது எவ்வளவு? அந்தத் தொகைதான் உங்கள் முதல் இலக்கு. அது சேர்ந்துவிட்டால் அடுத்த முறை யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஒரு மாத அத்தியாவசியச் செலவு, பிறகு மூன்று மாதம். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகம்.

சம்பளம் வந்த அன்றோ மறுநாளோ இந்த 50 தானாகவே வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று நானும் மூன்று ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். எதுவும் மிஞ்சவில்லை.

எங்கே வைப்பது? இரண்டே நிபந்தனை. ஒன்று, அவசரத்துக்கு ஓரிரு நாளில் கைக்கு வர வேண்டும். இரண்டு, தொகை குறையக் கூடாது. அதனால் பங்குச் சந்தை இந்தப் பணத்துக்கான இடம் இல்லை. வைப்புத்தொகைக்குக் காப்பீடு உள்ள வங்கியின் சேமிப்புக் கணக்கு போதும், ஆனால் தினமும் புழங்கும் கணக்காக அது இருக்க வேண்டாம். அதன் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். பத்தடி தூரம்தான், ஆனாலும் அது வேலை செய்கிறது.

விலைவாசி ஏறுவதால் வங்கியில் கிடக்கும் பணத்தின் மதிப்பு குறையும் என்பது உண்மை. 72ஐ விலையேற்ற சதவீதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் விலை இரட்டிப்பாகும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. அதனால் மூன்று மாதச் செலவு சேர்ந்த பிறகு, பல ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்துக்கு வேறு வழிகளை யோசிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம். யாராவது மாதம் 5 சதவீதம் நிச்சய லாபம் என்று வந்தால், ஆண்டுக் கூட்டு வட்டியில் அது கிட்டத்தட்ட 80 சதவீதம் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.

முன்னால் சொன்ன போனஸும் சம்பள உயர்வும் இங்கேதான் வருகின்றன. போனஸோ உயர்வோ வந்த முதல் மாதமே அதில் பாதியைச் சேமிப்போடு சேர்த்துவிடுங்கள். இன்னும் கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வரப்போகும் உயர்வுகளில் ஒரு பங்கைச் சேமிப்புக்கு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. அவர்கள் கைக்கு வரும் பணம் எந்த மாதத்திலும் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் சூட்சுமம்.

கடன் இருந்தால்

கடன் இருக்கும்போது சேமிக்கலாமா? முதல் சின்ன இலக்கு வரை சேமியுங்கள். இல்லையென்றால் அடுத்த காய்ச்சலுக்கு இன்னொரு கடன் வாங்குவீர்கள். அந்த இலக்கைத் தொட்டதும் மிச்சத்தைக் கடன் பக்கம் திருப்புங்கள்.

வட்டியைச் சொல்லும் விதத்தில் நிறைய வித்தை இருக்கிறது. மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். அது வட்டிக்கு வட்டியாக ஓடினால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல் வருகிறது. கடன் அட்டையில் 1,000 பாக்கி, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால், நீங்கள் கட்டும் 50இல் 30 வட்டிக்குப் போய்விடும். அசல் 20தான் குறையும். குறைந்தபட்சத் தொகை என்பது அவர்களுக்கு வசதியான எண்.

இன்னொன்று 'பிளாட்' வட்டி. 1,200 கடன், ஆண்டுக்கு 12 சதவீத பிளாட் வட்டி, 12 தவணை. வட்டி 144, மொத்தம் 1,344, மாதம் 112. பன்னிரண்டுதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறாவது மாதம் முடியும்போது அசலில் பாதி அவர்களிடம் திரும்பிப் போயிருக்கும், வட்டி மட்டும் முழு 1,200க்கும் போடப்பட்டிருக்கும். குறையும் நிலுவைக்கு வட்டி என்று கணக்குப் போட்டால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது, "இது பிளாட்டா, குறையும் நிலுவைக்கா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். 'வட்டியே இல்லாத தவணை' என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போகிறதா என்று பாருங்கள்.

பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது? கணக்கு சொல்வது, வட்டி அதிகமானதை. மனம் சொல்வது, சின்னதை முதலில் அடைத்து ஒரு தொல்லையை ஒழித்துவிடு. என் அபிப்பிராயம்: வட்டி வித்தியாசம் ஐந்தாறு சதவீதத்துக்குள் என்றால் மனம் சொல்வதைக் கேளுங்கள். ஒன்று 12, இன்னொன்று 40 என்றால் கணக்குதான் ஜெயிக்க வேண்டும். எதை முதலில் அடைத்தாலும் மற்றவற்றின் தவணையை விட்டுவிடாதீர்கள். ஒரு தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். தேதி தாண்டியபின் சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் எதிரில் இருப்பவர் முகத்தில் நிறைய வித்தியாசம் தெரியும்.

வீட்டில் மற்றவர்கள்

ஒருவர் மட்டும் பட்ஜெட் போட்டால் வீட்டில் ஒரு போலீஸ்காரர் உருவாவார், அவ்வளவுதான். நோட்டைப் பொதுவான இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை 20 நிமிடம் எல்லோரும் உட்கார்ந்தால் போதும். பழைய செலவுக்கு யாரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம், அடுத்த மாதம் என்ன வரப்போகிறது என்று மட்டும் பேசுங்கள்.

சொந்தக்காரர்கள், நண்பர்கள் பணம் கேட்பார்கள். அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். மாதம் 10 என்றாலும் சரி. "இந்த மாசம் என்னால இவ்வளவுதான் முடியும்" என்று சொல்ல ஒரு எண் கையில் இருக்கும். எண் இல்லாதவர்கள் ஒன்று முழுதாக மறுக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

துண்டு விழும் மாதம்

விழும். எனக்கு மூன்றாவது மாதமே விழுந்தது. போன் தண்ணீரில் விழுந்தது, ரிப்பேருக்கு ஆண்டுச் செலவு உறையிலிருந்து எடுத்தேன். திருப்பி வைக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பிரீமியம் கட்டப் போனபோது உறை மெலிந்திருந்தது. எவ்வளவு எடுத்தேன் என்பதுகூட நினைவில் இல்லை.

அதிலிருந்து, உறையிலிருந்து வேறு செலவுக்கு எடுத்தால் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, தொகை, எதற்கு, எத்தனை மாதத்தில் திருப்பி வைப்பேன் என்று எழுதி உறைக்குள்ளேயே போட்டுவிடுகிறேன். அடுத்த மாத பட்ஜெட்டில் அது ஒரு தவணையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வட்டி இல்லாத ஒரே கடன் அதுதான். அவசர நிதியிலிருந்து எடுத்தாலும் இதே முறை. அதைத் தொட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டாம், தொடுவதற்காகத்தான் அது இருக்கிறது.

தொடர்ந்து மூன்று மாதம் ஒரே இனத்தில் துண்டு விழுந்தால் அது உங்கள் தவறு இல்லை, எண் தவறு. வீட்டுச் செலவு 300 என்று போட்டு ஒவ்வொரு மாதமும் 330 ஆகிறது என்றால் 330 என்று மாற்றி எழுதிவிட்டு, அந்த 30ஐ வேறு எதிலிருந்து எடுப்பது என்று பாருங்கள்.

என் நோட்டு இப்போது நான்காவது. கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆண்டின் 12 மாதங்களையும் எழுதி, தேதி தெரிந்த செலவுகளைப் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். அக்கா வரும்போதெல்லாம் நோட்டைக் கேட்கிறாள். "எங்கடி உன் சிநேகிதி?" என்று கேட்டுக்கொண்டே 'இதர' வரியைத்தான் முதலில் தேடுகிறாள். இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. போன மாதம் ஆயிரத்தில் 11.